ஊர்காவற்றுறை ஆட்டப்பாட்டுக் கொம்பனி

ஆட்டப்பாட்டு வெளியிடுகிற தொழிலில் பாட்டு விலைப்பட முதலே பேர் கெட்டுவிடும். கடலுக்கு அங்காலை ஆளை வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிற உங்களுக்கு மிச்சம் விளங்கும். எங்கள் கொம்பனியில் இரண்டே பேர், நானும் என் மனுசனும். அவர் பாரிஸில் பாட்டுச் செய்து அனுப்புவார். நான் ஊர்காவற்றுறையில் இருந்து ஒலியைத் துப்புரவாக்கி, அட்டைப்படம் போட்டு இணையத்தில் விடுவேன். அவருடைய அகதி வழக்கு இரண்டாந்தரமும் தள்ளுபட்டுவிட்டது. பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அனுப்பினால் வந்துவிடுவாரே என்று ஒரு ஆசை. இரண்டையும் ஒரே செபத்தில் கேட்க வெட்கமாக இருக்கிறது. நித்திரை வராததால், மகள் படுத்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதல் தாளம்

கலியாணம் முடித்த புதிதில் நெடுந்தீவிலுள்ள அவருடைய மாமி வீட்டுக்குப் போனோம். படகில் எல்லாரும் தின்றது சத்தியாக வெளியே வராமல் கண்ணை மூடிக்கொண்டிருக்க, இவர் இஞ்சின் பலகைக்கு மேல் குப்புறப் படுத்து, போனை ஓட்டைக்குள் நீட்டி இஞ்சின் சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தார். எங்கள் முதல் பாட்டின் தாளம் அதுதான். எனக்கோ, போன் விழுமோ ஆள் விழுவாரோ என்று அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தபடியே பயணம் முடிந்தது. படகோட்டி கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்டை போனாலும் இந்தச் சத்தம் காதுக்குள்ளை நிக்குது எண்டு நான் அழுறன், தம்பி. நீர் இதுக்குச் சனத்தை ஆட விடப்போறீரோ?"

வெள்ளிக்கிழமை

உலகமெங்கும் புதுப்பாட்டு வெளிவருவது வெள்ளிக்கிழமையில். நானும் மூன்று கிழமைக்கு முன்னமே ஒரு வெள்ளியைக் குறித்துவிட்டேன். பன்னிரண்டு வருசம் கன்னியர் மடத்தில் படித்தவள், அது ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளி என்று பார்க்கவில்லை.

சிலுவைப்பாதையில் எட்டாம் நிலை. எல்லாரும் முழந்தாளில். போன் அதிர்ந்தது, அவர்தானாக்கும் என்று அவசரத்தில் தொட்டுவிட்டேன். ஆரோ ஒரு இரசிகர் எங்கள் பாட்டுக்கு ஆடி அனுப்பிய வீடியோ, முழுச் சத்தத்தில். பூசைப்புத்தகத்தால் அமத்தியும் நிற்கவில்லை. முடிந்தபிறகு பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழும்புமட்டும் பொறுக்க ஏலாதோ?"

இரண்டாவது நிமிசம்

போன மாதம் எட்டு நாளாக அவரிடமிருந்து அழைப்பில்லை. ஒன்பதாம் நாள் காலமை ஒரு பாட்டு மட்டும் வந்தது, ஒரு வரி எழுத்தும் இல்லாமல். பிடிபடாமல் வெளியில்தான் இருக்கிறார் என்று விளங்கி, உடனே வேலைக்கு இருந்தேன்.

நாலு பேர் இருக்கிற அறையில் போர்வையை மூடிக்கொண்டு டோல்கி மேளம் அடித்துப் பாட்டுப் பதிகிறவர். இரண்டாவது நிமிசத்தில் ஒரு இருமல். அப்படியானதை வெட்டுவதுதான் என் வேலை. வெட்டப்போன நேரம், அவரைப் போனில் மட்டுமே கண்ட மகள், நிலத்தில் இருந்து விளையாடியவள், இருமலைக் கேட்டு "அப்பா!" என்று எழும்பிக் கதவைப் பார்த்தாள்.

வெட்டாமலே விட்டேன். கனடாவில் கலியாண வீடுகளில் பாட்டுப் போடுகிற ஒருவர் உடனே எழுதினார்: "அக்கா, ஆரோ இருமுகினம், சனம் ஆட்டத்தை விட்டிட்டுச் சிரிக்குது. அதை வெட்டிப்போட்டு அனுப்புங்கோ."

சனம் ஆடவேணும் என்று பாட்டு விட்டுவிட்டு, அதிலுள்ள இருமலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிற கொம்பனி உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான்.