குத்துகிற மரமும் கீறுகிற மரமும்

வெட்டுப்பட்டுச் சாய்ந்து கிடந்தது மரம். அதன் அடியில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு. போட்டது என் கைதான். இரண்டாயிரத்துப் பத்து என்று நினைவு. சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரியில், காலை வெயிலில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏரிக்குள் மண்டிக் கிடந்த வேலிக்காத்தானை வெட்டி எடுக்கும் வேலையை என் மனைவியின் தம்பி முதன்முதலாகத் தன் பேரில் எடுத்திருந்தான். மற்ற ஊர்களில் சீமைக்கருவேலம் என்பார்கள். எங்கள் பக்கம் அது வேலிக்காத்தான். வேறு மரத்தில் அருவாள் பட்டால் அன்றோடு வேலை நிற்கும் என்று ஊரார் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் மாலையே பார்த்து, வெட்ட வேண்டியதற்குச் சுண்ணாம்பு போட்டுவைப்பது என் பொறுப்பு. நான் மரம் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, காலில் ஏறிய முள்ளில். வேலிக்காத்தானுக்குக் கணுவுக்குக் கணு முள் ஜோடியாக நிற்கும், ஊசி மாதிரி நீளமாக. அதற்குச் சித்தப்பா பிள்ளை போலிருக்கும் வன்னிக்கு முள் குட்டை. கணுவை மதிக்காமல் கிளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். இலையும் பொடிசு. இத்தனையும் தெரிந்தவன்தான். ஆனால் அந்த மாலையில், கடலூர் பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில், கடைசிப் புதரில் முள்ளைப் பார்க்காமலே கோட்டை இழுத்துவிட்டேன். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான்.

அந்த ஊரில் ஒரு பூக்கார அக்கா இருந்தார். தினமும் விடியும் முன்பே ஏரிக்கு வந்து, வன்னி இலை பறித்து, பிள்ளையாருக்கென்று சிதம்பரத்தில் கொண்டுபோய் விற்பார். வன்னியைச் சாய்த்துவிட்டார்கள் என்று சேதி கேட்டு பஸ் நிறுத்தத்திலிருந்து கூடையோடு ஓடி வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது.

“என் மரத்த சாச்சிட்டீங்களேடா! என் புள்ளைங்களுக்குச் சோறு போட்ட மரம்டா அது!”

மச்சான் என்னைப் பார்த்தான். “மாமா, நீங்க பாத்துதான கோடு போட்டீங்க?”

நான் குனிந்து ஒரு கிளையை எடுத்தேன். முள் ஜோடியாகத்தான் தெரிந்தது. பயந்தவன் கண்ணுக்கு எல்லாமே இரண்டாகத் தெரியுமோ என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும், “வேலிக்காத்தான்தான்க்கா” என்றேன்.

“வெட்டுனவன் வாயி வேற இன்னா சொல்லும்?”

என்னைத் தள்ளிவிட்டு மரத்தருகே உட்கார்ந்தார். இருட்டில் பறித்துப் பழகியவர் அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு கையைக் கிளைமேல் ஓட்டினார். ஒரு சாண்கூடப் போயிருக்காது, ‘ஸ்ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம் முத்தாக நின்றது. அழுகை அப்படியே நின்றுபோனது.

“இது குத்துது,” என்றார். “என் மரம் குத்தாது. கீறும்.”

முன்கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேல்வரை, கோலப்பொடி சிந்தினதுபோல மெல்லிய வெள்ளைக் கீறல்கள்.

“அப்ப உன் மரம் எங்க போச்சு, நடந்தா போச்சு?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அக்கா எழுந்து, வெட்டுப்பட்ட மரத்தைத் தாண்டிப் புதருக்குள் நுழைந்தார். மச்சான் அருவாளோடு முன்னால் வழி செய்தான். நாலே எட்டு. வேலிக்காத்தான்கள் நெருக்கிப் பிடித்திருந்த நடுவே, வெடித்த சாம்பல் பட்டையோடு வன்னி நின்றது. அவர் எப்போதும் வந்தது எதிர்க்கரையிலிருந்து, அதுவும் இருட்டில். சாலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு முன்னால் நின்ற மரமே அவருடைய மரமாகப் பட்டிருக்கிறது. அக்கா கிளைக்குள் கையை விட்டார். இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கினாலும், சும்மா இருக்க வாய் விடவில்லை. “முள்ளப் பாக்காமதான்க்கா கோடு போட்டேன்” என்று சொல்லிவிட்டேன். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது தெரிஞ்சிதான் பிள்ளையாரு உன்ன ஜாஸ்தி நம்பல. அவரே பாத்துக்கினாரு.”

ஊரே சிரித்தது. நானும்தான், அப்படி வயிறு வலிக்கச் சிரித்து அதற்கு முன்பும் பின்பும் நினைவில்லை. வேலையை நிறுத்த வந்தவர் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மச்சானை அதட்டினார்: “இன்னாடா வேடிக்க பாக்குற? சுத்தி நிக்கிற சனியன எல்லாம் வெட்டு. என் மரத்துக்கும் கொஞ்சம் வெயில் படட்டும்.”

மதியத்துக்குள் வெட்டி முடித்தோம். ஒவ்வொன்றிலும் நான் முள்ளைப் பார்த்தேன், விரலாலும் தொட்டேன்.

இப்போது சிதம்பரம் பஸ்ஸில் போனால் சாலையிலிருந்தே அந்த வன்னி தெரிகிறது. ஏரியில் வேலிக்காத்தான் மறுபடியும் தழைத்துவிட்டது. அது போகிற சாதியா? ஆனால் வன்னியைச் சுற்றி மட்டும் ஒரு முளைகூட இல்லை. இலை பறிக்க வரும்போதெல்லாம், குத்துவதைப் பார்த்துப் பார்த்து அக்கா பிடுங்கிப் போட்டுவிடுகிறாராம்.