தாய் என்று நான் காட்டிய பூனை

1. முதல் நாள்

முந்தல் என்ற ஊரில் இறால் பண்ணை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். இறால் தரம் பிரிப்பது, வலை கழுவுவது. பிறகு குளங்களில் அடுத்தடுத்து வெள்ளைப்புள்ளி நோய் விழுந்தது. முதலாளி பண்ணையை மூடினார். இறால் தீன் வைத்திருந்த ஸ்டோரில் கம்பிக் கூடுகள் அடித்து, பேர்ஷியன் பூனை வளர்க்கத் தொடங்கினார். நாட்டில் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆன காலம் அது. புது வீடு கட்டினவர்களுக்கெல்லாம் ஒரு பேர்ஷியன் வேண்டியிருந்தது.

மற்ற வேலைக்காரரை நிறுத்திவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார்.

"உம்மா, உங்கட கையும் சுத்தம், வாயும் சுத்தம். எனக்கு இந்த ரெண்டும் இருந்தாக் காணும்," என்றார்.

அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எனக்கு மரியாதை வந்தது வேறு வழியால். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்ப் பெண்களில் யார் மௌத்தானாலும், அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்குகிற வேலை அல்ல. குளிப்பாட்டுகிறவள் அந்த உடம்பில் புண்ணைக் கண்டாலும் தழும்பைக் கண்டாலும் வெளியே வந்து ஒரு சொல் சொல்லக்கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் அப்படி வாயைக் காத்தவள் நான். அதைத்தான் முதலாளி சுத்தம் என்றார்.

2. இறால்காரர் பூனை விற்ற விதம்

இறால் குளத்தில் நோய் வந்தால் ஒன்றிரண்டு இறால் சோர்ந்துபோய்க் கரையோரம் வரும். அதைக் கண்ட அன்றே வலை போட்டு மற்றதையெல்லாம் பிடித்து விற்றுவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் குளத்தோடு போய்விடும். இறாலுக்கு அது சரி. சாகப்போகிற இறாலை வாங்கினவன் அன்றைக்கே சமைத்துத் தின்றுவிடுவான்.

முதலாளி அதே பழக்கத்தைப் பூனையிலும் வைத்தார். நாலு குட்டியில் ஒன்று தீன் தின்னாமல் சுருண்டு படுத்தால், அன்றே ஃபோன் எடுத்து மற்ற மூன்றையும் விற்றுவிடுவார். அவற்றுக்கு ஐந்து கிழமை கூட ஆகியிருக்காது. வாங்கினவர்களிடம் இரண்டரை மாதம் என்பார்.

ஒரு தடவை காலில் காயம்பட்ட பூனையைப் பார்க்க மிருக வைத்தியர் வந்தார். "எட்டுக் கிழமையாகாமல் வெக்சின் போடேலாது. பன்னிரண்டு கிழமை வரைக்கும் தாயோட விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி நன்றாகத் தலையாட்டினார். வாகனம் கேட்டைத் தாண்டியதும், "டொக்டருக்கென்ன, மாசம் முடிஞ்சாச் சம்பளம்," என்றார்.

பிறகு வந்த குட்டிகளுக்கும் வெக்சின் கார்ட் இருந்தது. முதலாளியே டீவி பார்த்தபடி எழுதுவார். நான் கண்டேன். கண்டது அங்கேயே முடிந்தது.

3. ராணி

வாங்க வருகிறவர்கள் தாயைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். குட்டி எப்படி வளரும் என்பது தாயில் தெரியும்.

முக்கால்வாசிக் குட்டிகளையும் ஈன்றது சாம்பி என்ற சாம்பல் நிறப் பூனை. மூச்சு விட நேரமில்லாமல் ஈன்று ஈன்று முதுகில் முடி கொட்டியிருந்தது. ஒரு கண்ணில் சீழ். அதை எப்படிக் காட்டுவது? ஒரு தரமும் ஈனாத ராணி என்ற வெள்ளைப் பூனையை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முன் அறையில் என் மடியில் வைத்து, இதுதான் தாய் என்பார் முதலாளி.

ராணிக்குக் குட்டிகளைக் கண்ணில் காட்டக்கூடாது. சீறும், அறையும். ஆனால் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சீறாது. பார்க்கிறவர்களுக்கு நான் பூனையைத் தடவுகிற மாதிரித் தெரியும். அந்த வித்தையைக் கண்டுபிடித்தது முதலாளி அல்ல. நான்தான்.

நான் பொய் சொல்லவில்லை, முதலாளிதான் கதைக்கிறார், நான் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அப்படி நினைத்தேன்.

4. டீச்சர்

ஒரு நாள் காலையில் சாம்பியின் குட்டிகளில் ஒன்று வாந்தி எடுத்தது. முதலாளி ஃபோன் எடுத்தார். பின்னேரம் பள்ளிவாசல்துறையிலிருந்து ஒரு டீச்சர் த்ரீவீலில் வந்து இறங்கினாள். எங்கள் ஊர்க்காரி. அவளுடைய வாப்பும்மா, தகப்பனின் தாய், மௌத்தானபோது குளிப்பாட்டினது நான்.

"அட, மாமி! நீங்களா இங்க?" என்று என் கையைப் பிடித்தாள். "எங்கட உம்மா படுத்த படுக்கை, மாமி. நான் ஸ்கூலுக்குப் போனா வீட்டுல தனியக் கிடக்கிறா. பூனையெண்டா அவக்கு உசிரு. அதான் வந்தன்."

"இந்தாங்க டீச்சர், தாயையும் பாருங்க," என்றார் முதலாளி.

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தாள். "மாமி, நீங்க சொல்லுங்க. இதுவா தாய்?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் இரண்டு விரலும் ராணியின் தாடைக்குக் கீழே இருந்தன.

"ஓம்," என்றேன்.

"அப்ப எனக்குக் காணும். கொழும்புக்காரர் மாதிரிக் கார்டப் பாத்து, கேள்வி கேட்டு வாங்க எனக்குத் தெரியா," என்று சிரித்தாள்.

குட்டியைக் கூடையில் வைக்கும்போது பின் ஸ்டோரில் சாம்பி கத்தியது. அது என்ன சத்தம் என்று கேட்டாள்.

"தெருப் பூனை, டீச்சர். பசிக்கு வரும்," என்றார் முதலாளி.

5. வாசலில் நின்றது

நாலாம் நாள் ஃபோன் வந்தது. "மாமி, ஒரே வாந்தி. தண்ணியும் இறங்குதில்ல. உம்மா தன்ட போர்வைக்குள்ளயே வெச்சிக் கிடக்கிறா, தரமாட்டா." டொக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோனாள். அடுத்த நாள் அது செத்தது.

முதலாளியிடம் போய்ச் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதிரை போட்டேன், உட்காரவில்லை.

"செத்தது அல்லாஹ்ட நாட்டம், மாமி. அதுக்கு நான் வரல்ல. அஞ்சு கிழமைக் குட்டி, ஊசி போட்டதே இல்லயெண்டு டொக்டர் சொன்னார். உங்களுக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அந்த வெள்ளைப் பூனை?"

நான் கதிரையை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினேன்.

"சரி, மாமி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

6. வாய் பழுதானது

அடுத்த கிழமை குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். முதலாளி வழக்கமான கதையைத் தொடங்கினார். நான் ராணியின் தாடையிலிருந்து விரலை எடுத்தேன். அது சீறிக் குட்டியை அறைந்தது.

"கேளுங்க மகள், இது தாயில்ல. தாய் பின்னால கூட்டுல இரிக்கி. இந்தக் குட்டிக்கு ஊசியும் போடல்ல," என்றேன்.

புருஷன் வாய்விட்டுச் சிரித்தான். "முதலாளி, உங்கட ஆளே உங்கட வியாபாரத்த முடிச்சிட்டா!"

பெண்சாதி குட்டியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு வடிவு, பாருங்க! இதையே எடுப்பம். வெலையக் கொஞ்சம் கொறைங்க."

குறைத்தார். எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சொன்னது விலையைக் குறைக்கத்தான் உதவியது.

முதலாளி கோபப்படவில்லை. "உங்கட வாய் பழுதாகிட்டு, உம்மா. நாளைக்கு வராதீங்க," என்றார். சாம்பியையாவது தரச் சொல்லிக் கேட்டேன். "அதுக்கு இன்னும் ரெண்டு ஈத்து இரிக்கி," என்றார். இப்போது ராணியை வைத்திருப்பது வேறொருத்தி. அவளும் என் வயதுதான், தலையில் வெள்ளை முக்காடு.

7. கூப்பிடாதது

மூன்று மாதத்தில் டீச்சரின் உம்மா மௌத்தானாள். பள்ளிவாசலில் அறிவித்தது காதில் விழுந்தது. நான் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, சுத்தமான உடுப்பு உடுத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு த்ரீவீல் வந்து, என் வீட்டைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்தவள், மையித்துக் குளிப்பாட்ட நான் பழக்கிவிட்ட பெண். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும் அப்படியே இருந்தேன். பிறகு உடுப்பை மாற்றினேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் மௌத்தாகிவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவுமில்லை. சொன்னாலாவது பதில் சொல்லலாம். மௌத்தானவர்களுக்காகக் காக்க வேண்டிய வாயை உயிரோடிருந்த குட்டிக்கு முன்னாலும் மூடி வைத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்பீர்கள் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை. கார்டில் இருக்கும் டொக்டருக்கு நீங்களே ஃபோன் எடுங்கள். பின்னால் பூனை கத்தினால் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். தாயைத் தரையில் விடச் சொல்லி, குட்டியைப் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். மடியில் வைத்துக் காட்டினால் எழும்பி வந்துவிடுங்கள். மடியில் வைத்திருப்பவள் வயது போனவளாக இருப்பாள், உங்கள் ஊர்க்காரியாகவும் இருப்பாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம். விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.