நான் மறைத்த காணொளி

ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் தாண்டி புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன் நான். சமூக ஊடகத்தில் நான் போட்ட பதிவுகளைத் தினமும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே கணினியில் ஒரு டேஷ்போர்டு வைத்திருந்தேன். பல ஆண்டுப் பழக்கம். பெரிதாக யாரும் சீண்டாத பழைய பதிவுகளை மாதக் கடைசியில் மறைத்துவிடுவேன்.

அப்படித்தான் செல்வம் அண்ணனின் காணொளியையும் மறைத்தேன். என்னோடு வேலை செய்தவர். இறந்து இரண்டு வருடம். கேன்டீனில் அவர் ஏதோ சொல்லிச் சிரிக்கும் இருபது விநாடிகள். நாளுக்கு ஒரே ஒரு பார்வைதான் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவர் மனைவி லெட்சுமி அக்கா போன் செய்தார்.

"தம்பி, அண்ணன் வீடியோவக் காணோம் லா. டெய்லி வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவ பாப்பேன். நான்தான் தப்பா அமுக்கி அழிச்சிட்டேன் போல."

குரல் உடைந்திருந்தது. போன் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"நீங்க ஒன்னும் பண்ணலக்கா. நான்தான் மறைச்சேன். பெருசா யாரும் பாக்கலன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க," என்றேன். பேசிக்கொண்டே காணொளியைத் திரும்பப் போட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அக்கா நீளமாக மூச்சுவிட்டார்.

"அப்பாடா... நான் அழிக்கலல்ல, தம்பி? அது போதும் லா."

ஒன்று என்ற எண் இப்போது எனக்குச் சிறியதாகத் தெரிவதில்லை. யாரோ ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.