மூணு நாள் கழிச்சு வாங்க

பட்டினச்சேரியில் கனகத்தின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு ஹெல்மெட்டைத்தான். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். உள்ளே சின்ன வெங்காயம் கிடக்கும். அந்த வீட்டில் பைக் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. வீட்டுக்காரர் நீலமேகம் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வலை இழுத்தால் மீனே சிரித்துச் செத்துவிடும்.

ஹெல்மெட் மட்டும் என்றால் பரவாயில்லை. கிளி மாதிரி கத்துகிற கடிகாரம் இருக்கிறது. பக்கெட்டுக்கு மேல் பக்கெட்டாக ஒரு கோபுரம் இருக்கிறது. காய்கறியை எட்டு விதமாக வெட்டும் கட்டர் ஒன்று டப்பாவைப் பிரிக்காமலே பரணில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டில் காய்கறி என்றால் கத்திரிக்காய், அதை வெட்ட ஒரு விதமே போதும்.

"நம்ம வீட்ல எல்லாம் இருக்கு. கால நீட்டிப் படுக்கத்தான் எடமில்ல" என்பார் நீலமேகம். சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஏன் வாங்கினாய் என்று கனகத்திடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"போணின்னு சொல்லிட்டாங்க."

அது அவளுக்கு மந்திரம் மாதிரி. காலையில் வியாபாரி யாராவது வந்து "அக்கா, இன்னும் போணி ஆவல, நீங்கதான் மொதல்ல" என்று சொல்லிவிட்டால் போதும், கை தானாக இடுப்புச் சுருக்குப் பைக்குப் போய்விடும். விற்பது கோலமாவா, கொசு பேட்டா என்றெல்லாம் அப்புறம்தான் பார்ப்பாள். அவளும் அன்னக்கூடையைத் தலையில் வைத்து மீன் விற்கிறவள்தானே. கல்யாணமான புதிதில் நிரவியில் ஒரு வீட்டம்மா முதல் ஆளாகக் கூப்பிட்டு, கூடையில் இருந்த அத்தனை மீனுக்கும் செவுளைத் தூக்கிப் பார்த்து, கையை முகர்ந்து, "வேணாம்மா, இன்னைக்கு எங்க வீட்ல சாம்பார்" என்று உள்ளே போனாள். அன்றைக்கு ஒரு மத்திகூட விற்கவில்லை. வெயிலில் அலைந்து கூடையோடு திரும்பி, எல்லாவற்றையும் கருவாட்டுக்குக் காயப்போட்டாள். அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் அதற்குத்தான் வீட்டு வருமானமெல்லாம் போனது.

கொள்கை இப்படி இருக்க, கழுத்து வேறு மாதிரி பேச ஆரம்பித்தது. கூடையைத் தலையில் ஏற்றும்போதெல்லாம் உள்ளே 'நெறுக்' என்று ஒரு சத்தம். துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி. காரைக்கால் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே தலையில சும தூக்கக் கூடாதும்மா" என்றார். அப்புறம் எதில் தூக்குவது என்று அவர் சொல்லவில்லை.

அதற்கு ஊரில் ஒரே ஒரு வழி இருந்தது. அஞ்சு பெண்கள் கூட்டுச் சேர்ந்து வாங்கிய பழைய லோடு ஆட்டோ. கரையில் ஏலம் எடுத்த மீனை அதில் ஏற்றிக்கொண்டு குரும்பகரம் பக்கம் வயக்காட்டு ஊர்களுக்குப் போவார்கள். அங்கே மீனுக்கு நல்ல விலை. நடக்க வேண்டாம், சுமக்க வேண்டாம், தண்ணி ஒழுகுது என்று பஸ் கண்டக்டரிடம் திட்டு வாங்க வேண்டாம். அந்த அஞ்சு பேரில் ஒருத்தி சொர்ணாம்பாள். அவள் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், அம்மாவை அங்கேயே வந்து இருக்கச் சொல்கிறான். அவள் கிளம்பினால் ஆட்டோவில் ஒரு பங்கு காலியாகும்.

"அந்த எடம் எனக்குத்தான்" என்று கனகம் மகளிடம் சொன்னாள்.

"எத வச்சு வாங்குவ? ஹெல்மெட்ட வச்சா?" என்றாள் மகள் தீபா.

தீபா காரைக்காலில் ஜவுளிக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிறவள். அம்மாவை அடக்கச் சட்டம் போட்டவளும் அவள்தான். "எது வேணும்னு தோணுனாலும் உடனே வாங்கக் கூடாது. மூணு நாள் பொறு. மூணு நாள் கழிச்சும் வேணும்னு தோணுனா வாங்கிக்க. எங்க கடைல 'அப்பறமா வரேன்'னு போறவங்க யாராச்சும் திரும்பி வந்துருக்காங்களா? ஒருத்தரும் இல்ல. ஆசல்லாம் வாசப்படி தாண்டுனா செத்துடும்மா."

"பொருளுக்குப் பொறுக்கலாம்டி. போணி எப்படிடி மூணு நாள் பொறுக்கும்? அவன் இன்னைக்குத் திங்க வேணாமா?"

சட்டத்தில் இருந்த அந்த ஓட்டை வழியாக நூகு பாய் டிவிஎஸ் வண்டியோடு தினமும் உள்ளே வந்துகொண்டிருந்தார். வண்டி முழுக்கப் பிளாஸ்டிக் சாமான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கெட் மலை தானாக நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். நல்ல மனுஷன். போணி ஆகிவிட்ட நாளில் பொய் சொல்லவே மாட்டார். "அல்லாவுக்குப் பொதுவா சொல்றேங்க்கா, இன்னைக்கு ஆயிடுச்சு" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போவார்.

அந்த நேர்மையில்தான் தீபா கை வைத்தாள். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது தெருமுனையில் நூகு பாயை மறித்துப் பத்து ரூபாய்க்கு ஊக்கு வாங்கினாள். போணி ஆகிவிட்டது. அவர் கனகத்தின் வாசலைத் தாண்டும்போது வாயைத் திறக்க முடியவில்லை. சிரித்துவிட்டுப் போனார். கனகமும் சிரித்தாள். பத்து ரூபாயோடு போயிற்று.

ஆனால் அன்றைக்கு நூகு பாய்க்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாளும் அப்படியே. "தீபா பொண்ணு கைராசிக்காரி" என்று அவர் டீக்கடையில் சொல்ல, அந்த வாரமே காலையில் கனகத்தின் வாசலில் உப்பு வண்டிக்காரர், பூக்காரம்மா, நைட்டி மூட்டைக்காரர் எல்லோரும் வரிசை கட்டினார்கள்.

"பாப்பா, ஒங் கையால ஒரு பத்து ரூவா!"

"ஏங்க, நான் என்ன ஏடிஎம்மா?"

நீலமேகம் எட்டிப் பார்த்தார். "ஆத்தாளாவது ஒருத்தருக்குத்தான் போணி பண்ணுனா. மவ ஊருக்கே பண்றா."

அன்றைக்குக் கனகத்துக்கு ரோஷம் வந்தது. தன்னால் மகளுக்கு இந்தக் கதி. இனிமேல் தானே வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். தீபா சாயங்காலமே பயிற்சி ஆரம்பித்தாள். வெங்காயத்தைக் கொட்டிவிட்டு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, 'டுர்ர்ர்' என்று வாயால் வண்டி ஓட்டி அடுப்படியைச் சுற்றி வந்து நின்றாள்.

"கனகக்கா, சூப்பரா ஒரு ஹெல்மெட் வந்துருக்கு. இன்னும் போணி ஆவலக்கா."

கனகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ல புள்ளைங்க காத்துக் கெடக்குக்கா. காலைலேருந்து ஒரு டீகூட குடிக்கல." தீபாவுக்கு நடிப்பு நன்றாக வரும். கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள்.

கனகம் சுருக்குப் பையை அவிழ்த்து இருபது ரூபாயை எடுத்து நீட்டிவிட்டாள்.

"அம்மா! நம்ம ஹெல்மெட்ட நீயே ரெண்டாந்தடவ வாங்குறியேம்மா!"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. கனகமும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். ஆனால் விடவில்லை. கூடை கழுவும்போதும் கூந்தல் முடியும்போதும் "மூணு நாள் கழிச்சு வாங்க, மூணு நாள் கழிச்சு வாங்க" என்று பாடம் படித்தாள். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாள்.

ஒரு காலையில் அதை நூகு பாயிடம் சொல்லியும்விட்டாள். கையில் எடுத்த முறத்தை வண்டியில் திரும்பச் செருகினார். வண்டி தெரு திரும்பும் வரை கனகம் வாசலிலேயே நின்றாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிரவி வீட்டம்மாவின் முகம் தன் கழுத்துக்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் பணம் சேர்ந்தது. மறைக்க இடம் தேடி, பரணில் இருந்த கட்டர் டப்பாவுக்குள் வைத்தார்கள். கட்டர் அந்த வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பணம் வந்ததும் அப்படியே டப்பாவுக்குள் போனது. தடை முடிந்து போட்டு கடலில் இறங்கியதும் நீலமேகம் தன் பங்கில் கொஞ்சம் போட்டார். பங்குக்கு உண்டான பணம் ஏறக்குறைய வந்துவிட்டது. கனகம் சாயங்காலத்தில் டப்பாவை இறக்கி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுவாள். கட்டரின் கத்திகள் கடகடவென்று ஆடும்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், வெயில் தாழ்கிற நேரத்தில் சொர்ணாம்பாள் வாசலில் வந்து நின்றாள்.

"கனகம், மவன் திடீர்னு டிக்கெட் போட்டுட்டான். நாளைக்குக் கெளம்புறேன். ஆட்டோ பங்கு ஒனக்குன்னுதான் யார்கிட்டயும் சொல்லாம வச்சுருக்கேன். முழுசாக்கூட வேணாம், கையில இருக்கறத அச்சாரமா குடு. நீயே போணி பண்ணு."

தீபா கடையிலிருந்து வரவில்லை. நீலமேகம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கனகத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. எழுந்து ஓடிப் பரணிலிருந்து டப்பாவை இறக்க வேண்டும்போல் கால் துடித்தது. ஆட்டோவில் உட்கார்ந்து முந்தானை பறக்கக் குரும்பகரம் போவது கண்முன் வந்தது. இவ்வளவு ஆசையாக இருக்கிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளைப் பிடித்து நிறுத்தியது. ஹெல்மெட் வாங்கும்போதும் இப்படித்தானே அடித்தது? கட்டருக்கும் இதே படபடப்புத்தானே? போணி என்று வேறு சொல்கிறாள். அப்படியானால் இதுவும் அந்த வியாதிதான். எது ஆசை, எது தேவை என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொறுக்க மட்டும்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

வாய் தானாகத் திறந்தது.

"மூணு நாள் கழிச்சு வாங்கக்கா."

சொர்ணாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு ரயிலுங்கறேன், மூணு நாளுங்கற?"

"இல்லக்கா, பணம் எங்க போவுது? நான் அனுப்பி வைக்கறேன். எதையும் ஒடனே பண்றதில்லன்னு வீட்ல ஒரு இது."

"சரிடி ஆத்தா" என்று சொர்ணாம்பாள் போய்விட்டாள்.

கனகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தன் ஆயுசிலேயே பெரிய போணியைத் தட்டிவிட்டு அசையாமல் நின்றிருக்கிறாள். தீபா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள்.

தீபா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றாள்.

"அதையுமாம்மா?"

"நீதானடி எதுவா இருந்தாலும்னு சொன்ன."

அப்புறம் இரண்டு பேரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். கத்திகள் கடகடவென்று கூடவே ஓடின. சொர்ணாம்பாள் வீட்டில் மூட்டைகள் கட்டி வைத்திருந்தன. பக்கத்தில் நாற்காலியில் பாரதி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் தலைச்சுமைக்காரிதான். கனகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இன்னும் சந்தோஷம் அடங்கவில்லை.

"போணின்னு வாயவிட்டுக் கேட்டேன்" என்றாள் சொர்ணாம்பாள். "ஊர்ல யார் தட்டுனாலும் நீ தட்ட மாட்டன்னு நெனச்சேன். தட்டிட்ட. பாரதி ரெண்டாயிரத்தத் தாம்பாளத்துல வச்சுக் குடுத்தா, வாங்கிட்டேன்."

"அக்கா, இருக்கற பணம் முழுசும் கொண்டாந்துருக்கோம்க்கா, இங்க பாருங்க" என்று தீபா டப்பாவைத் திறக்கப் போனாள்.

"பணம் இல்லன்னா சொன்னேன்? அச்சாரம் வாங்குன கைய இன்னொருத்தர்கிட்ட எப்படிம்மா நீட்டுவேன்?"

கனகம் மகளின் கையைப் பிடித்து டப்பாவை மூடினாள். "விடுடி. பாரதிக்கும் கழுத்து இருக்குல்ல" என்றாள். திரும்பி வரும்போதும் கத்திகள் கடகடவென்று ஆடின. வீட்டு வாசலில் தீபா, "என்னாலதாம்மா" என்றாள். கனகம் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதுதான் தீபாவுக்கு அதிகமாக வலித்தது.

அந்த ஆட்டோவில் இனிமேல் இடம் வராது. மற்ற நான்கு பேருக்கும் ஓசூரில் மகன் கிடையாது. பணத்தையும் யாரும் வீணடிக்கவில்லை. போட்டு இஞ்சின் பழுதுக்கு நீலமேகத்தின் பங்காகக் கொஞ்சம் போனது, கழுத்து மாத்திரைக்குக் கொஞ்சம், அரிசிக்குக் கொஞ்சம். ஒரு பக்கெட்கூட வாங்காமலே டப்பா காலியானது. பழைய நாளில் காலியானால் கிளி கடிகாரமாவது மிஞ்சும்.

பூக்காரம்மாவும் நைட்டிக்காரரும் வேறு கைராசி தேடிப் போய்விட்டார்கள். நூகு பாய் இப்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறார். போணி ஆகாத நாளிலும் கனகத்திடம் கேட்பதில்லை. வாசல் வரும்போது வண்டியை முறுக்கிக் கொஞ்சம் வேகமாகப் போய்விடுவார். அவள் சங்கடப்படக் கூடாதாம்.

போன வாரம் ஒரு காலை. கரையில் ஏலம் எடுத்த சங்கராவை அன்னக்கூடையில் நிரப்பி, தெருமுனையில் இறக்கி வைத்து, சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள் கனகம். பஸ்ஸுக்குக் கிளம்பிய தீபா எதிரே வந்து நின்று பத்து ரூபாயை நீட்டினாள்.

"இந்தாம்மா. எங் கையால போணி."

"பத்து ரூவாய்க்கு சங்கரா வாலுகூட வராது. மூணு நாள் கழிச்சு வா" என்றாள் கனகம்.

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் நோட்டை வாங்கிக் கூடையில் தொட்டு, கண்ணில் ஒற்றி, சுருக்குப் பையில் போட்டாள். லோடு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த பாரதி பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு கை குடுடி" என்றாள் கனகம். தீபா பையைத் தோளில் தள்ளிவிட்டுக் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிச் சும்மாட்டின்மேல் வைத்தார்கள்.

நெறுக் என்றது.

தீபாவுக்கும் கேட்டது என்று கனகத்துக்குத் தெரிந்தது. கேட்காத மாதிரி "மத்தியே..., சங்கராவே..." என்று கூவிக்கொண்டு நிரவி ரோட்டில் நடந்தாள். கூடையில் மத்தி இல்லவே இல்லை.