பில்லிப் பாட்டு

கரகரவென்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் எங்கள் தாராவிச் சந்தின் கணபதிப் பந்தல் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். சினிமாக்காரர்களுக்கு நாய் என்றால் நன்றி, பூனை என்றால் திருட்டு. அந்த வருஷம் காது புளிக்கப் போட்ட இந்திப் பாட்டிலும் ஒரு பூனை பால் திருடியது. இந்தியில் பூனைக்கு ‘பில்லி’ என்று பெயர். ஏழு வயதுக்காரியான நான் அந்த மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மாமாவின் கைக்குழந்தையைத் தூங்கவைக்கச் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினேன். பழைய பாவாடைத் துணியில் பூனை தைத்துத் தொட்டிலில் போட்டிருந்தாள் அம்மா. அதனால் பாட்டும், “தொட்டிலுக்குள்ள பில்லி, அம்மா வச்ச பில்லி” என்று வந்தது.

அப்பா இறந்தபின் நானும் அம்மாவும் மாமாவின் ‘கோலி’யில், அதாவது அந்த ஒற்றை அறையில், ஒண்டிக்கொண்டிருந்தோம். அத்தை கைக்குழந்தையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியில் ஒரு சொல் தெரியாது. அவள் காதுக்குப் பில்லி என்றால் பில்லி சூனியம். அன்றைக்கென்று பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வேறு.

“எம் பிள்ளைக்கு மைனி பில்லி வச்சிருக்காவ! சின்னப் பிள்ள வாயாலயே வெளிய வந்துட்டு!” என்று அம்மாவைக் கைகாட்டி, துணிப்பூனையைத் தெருவில் எறிந்து, சந்தே கூடும்படி அலறினாள். “பூனையத்தாம்மா இங்க அப்படிச் சொல்லுவாவ” என்று அம்மா அழுதுகொண்டே சொன்னது எடுபடவில்லை.

தோல் பட்டறையிலிருந்து மாமா வந்தார். பல வருஷத்துப் பம்பாய்க்காரர், சண்டையைக்கூட இந்தியில் போடுகிறவர். தம்பி ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்று அம்மா வாசலிலேயே காத்து நின்றாள். உள்ளே போய் அத்தையிடம் பேசிவிட்டு வந்தவர், தரையைப் பார்த்தபடி, “நான் சொன்னாலும் நம்பமாட்டேங்கா அக்கா, பயந்து கெடக்கா. நீ வேற எடம் பாரு” என்றார்.

மறுநாளே இரண்டு பைகளோடு கிளம்பினோம். செம்பூரில் ஒரு வீட்டில் அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. அந்த வீட்டு பால்கனியில்தான் இருவரும் படுத்தோம். “பாவம், அவளுக்கு இந்தி தெரியாதுல்லா” என்று சொல்வாளே தவிர, அம்மா தம்பியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது என் பாட்டுத்தான் என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பேன்.

போன மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் அத்தையைப் பார்த்தேன். கைபேசியில் பூனைப் பாட்டு ஓட, “பில்லி தேக்கோ, பில்லி” என்று திரையைக் காட்டி மடியிலிருந்த பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

“குழந்தைக்குப் பில்லி காட்டலாமா அத்தை?” என்று கேட்டேன். கேட்டதில் இருந்த விஷம் அவளுக்கு எட்டவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள்.

“அட போட்டி! அது பூனைன்னு அன்னைக்கே ஒங்க மாமா சொல்லிட்டாவளே. எனக்கே வெக்கமாப் போச்சி. ஆனா, எடம் பத்தாதுல்லா… இது இப்படியே இருக்கட்டும்னுட்டாவ.”

மாமா இப்போது இல்லை. அந்தக் கோலியையும் இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள், தம்பி தனக்காகப் பேசிப் பார்த்தான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டே.