மாப்பிள்ளையின் நெஞ்சுப் படம்

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்து, எக்ஸ்ரே ரூம் அட்டெண்டர் ஆனேன். யார் சிபாரிசும் கிடையாது. டார்க் ரூமில் பிளேட்டைக் கழுவித் தூக்கிப் பிடித்தால், எந்த நெஞ்சில் ஆளைத் தின்னும் பாறைத் தூசி படிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அது ஊருக்கும் தெரிந்துபோனதுதான் வினை. சுரங்கத்துக்குள் இறங்கும் அண்டர்கிரவுண்ட் பையனுக்குப் பெண் கொடுக்குமுன் ஜாதகம் பார்க்கிறார்களோ இல்லையோ, என்னைப் பார்க்க வந்துவிடுவார்கள். மாரிகுப்பத்துக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வருவார்கள். கோரமண்டல் பக்கத்துக்காரர் ஒருவர் கோழியோடு வந்தார். ஒரு டீயை நிம்மதியாகக் குடிக்க விட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்: "எனக்குத் தெரியாது, போங்க."

ஒருநாள் என் அக்காவே எக்ஸ்ரே ரூம் வாசலில் வந்து நின்றாள். அவள் மகளுக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்த பையனைப் பேசி முடித்திருந்தார்கள். அவன் இருமுகிறான் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அவன் பிளேட்டைக் கழுவியவன் நான்தான். சுத்தமான நெஞ்சு. ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நடக்கும்.

"தெரியாதுக்கா" என்றேன்.

"தாய்மாமன்டா நீ. எம் பொண்ணுக்குக் கூடவா சொல்ல மாட்ட?"

"இவன் நல்லா கீறான்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் வாயத் தொறக்காதவன் எல்லாம் சீக்காளின்னு ஆயிடும். அவனுங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அவளுக்கு ஏறவில்லை. கூடப் பிறந்தவனே மறைக்கிறான் என்றால் நோய்தான் என்று முடிவு கட்டி, கல்யாணத்தை நிறுத்துவதாக அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஷிப்ட் முடிந்து சுரங்க ஷாப்டிலிருந்து மேலே ஏறி வந்த அந்தப் பையனைப் பிடித்தேன். அவனிடமும் நான் எதையும் சொல்லவில்லை.

"நீயே போய் டாக்டரக் கேளு. உன் நெஞ்சு, உனக்குச் சொல்லுவாரு. அப்புறம் சொல்றதா வேணாமான்றது உன் இஷ்டம்."

போனான், கேட்டான். நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போய், "அத்தே, எனக்கு ஒண்ணும் இல்லையாம். சந்தேகமா இருந்தா எங்கூட வந்து டாக்டரக் கேளுங்க" என்றான். அக்கா போகவில்லை. அவன் வந்து நின்று சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது. கல்யாணம் நடந்தது.

நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று இப்போது சட்டம் பேசுகிறார்கள். எங்கள் எக்ஸ்ரே ரூமில் அப்போது நான்தான் சட்டம். அவனவன் நெஞ்சைப் பற்றி அவனவன்தான் சொல்ல வேண்டும்.

இதை அக்காவே புரிந்துகொண்டாள் என்று நினைத்துத்தான் கல்யாணப் பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்ற வந்தவள் என் காதருகே குனிந்தாள்.

"டேய், நாத்தனார் பொண்ணுக்கு ஒரு பையன் வந்திருக்கான்..."