நல்லாயிட்டா என்று சொல்லி அனுப்பிய வாரம்

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அந்த டாக்டர் சொன்னபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டாச்சு, பிள்ளையைக் கூட்டிப் போ என்பதுபோலச் சொன்னார். என் மகளுக்கு அப்போது எட்டு வயசு. தொடை எலும்பில் வந்த புற்றுநோய் நெஞ்சுவரைக்கும் ஏறிவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். சரி, ஒன்றுமில்லை. வீட்டில் வலியில் துடித்தால் நான் யாரிடம் ஓடுவது? கேட்டேன். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மதுரைப் பக்கத்துக்காரர், வாயைத் திறக்காத மனுஷர். நான் குமணன்சாவடியில் பிறந்தவள், வாயை மூடாதவள். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதல் பார்க்க வருகிறேன் பேர்வழி என்று பிளாக்கே திரண்டு வந்தது. கையில் ரொட்டிப் பாக்கெட், ஆரஞ்சுப் பழம், வாயில் "ஐயோ பாவம்". என் மகள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் காது கேட்கவே, "டாக்டர் எவ்ளோ நாள்னு சொல்லியிருக்காரு?" என்று ஒருத்தி கேட்டாள். ரொட்டிப் பாக்கெட்டை அவள் கையிலேயே திணித்து வாசலைக் காட்டினேன். அப்புறம் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உருப்படியான ஒரே உதவி ஆஸ்பத்திரி ஆயா சொன்ன தகவல்தான். பூந்தமல்லியில் ஒரு நர்ஸ் சிஸ்டர் இருக்கிறார், இந்த மாதிரிப் பிள்ளைகளை வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றாள். வந்தார். வெள்ளைச் சேலை, தோளில் கறுப்புப் பை, பஸ்ஸில் நசுங்கி வந்த முகம். வந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், "எங்க கண்ணு வலிக்குது? குத்துற மாதிரியா, இழுக்கிற மாதிரியா?" என்று என் மகளைக் கேட்டார். அத்தனை ஆஸ்பத்திரியில் ஒருத்தர்கூட அவளைக் கேட்டதில்லை. அவள் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

வலி வந்தபிறகு மருந்து கொடுக்காதே, வருவதற்கு முன்னால் வேளை தவறாமல் கொடு என்று சொல்லிக்கொடுத்தார். புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போய்ப் படும்மா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். பக்கத்து அறையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். நான் தூங்கி எத்தனை மாசம் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியாது. அந்த மருந்து கடையில் கிடைக்காது. வாரம் ஒருமுறை வந்து, அந்த வாரத்துக்கு உண்டானதை மட்டும் அவர் கையால் கொடுத்துவிட்டுப் போவார்.

பத்து நாளில் என் மகள் பழையபடி அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். தோசை முறுகலாக இல்லை, தலையைச் சீவத் தெரியவில்லை, ரேடியோவைச் சத்தமாக வை. நோய் போகவில்லை. எனக்கும் தெரியும். ஆனால் அந்த அதட்டலைக் கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் என் நாத்தனார் ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. சும்மா சொல்லக்கூடாது, அடுப்படியை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொண்டார். என் மகள்மேல் உசிரையே வைத்திருந்தார். ஆனால் பிள்ளை முனகினால் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்துவார். "போறவக வர்றவக காதுல விழுகணுமா?" என்பார். சிஸ்டர் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. "வாரா வாரம் வெள்ளச் சேல வாசல்ல வந்து நிக்கிது. நல்லதுக்கா?" என்று முணுமுணுப்பார். ஆத்தாளுக்கு நேர்ந்திருக்கிறேன், பிள்ளை எழுந்து நடக்கும் என்பார். நடக்கும் அண்ணி என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

ஒரு வாரம் சிஸ்டர் வரவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வந்து கேட்டேன். "யாரும் வரலத்தா" என்றார் அண்ணி. மறுநாள் மருந்து தீர்ந்தது. என் வீட்டுக்காரர், "வருவாங்க, பொறு" என்றார். பிள்ளையைக் கேட்டால், "வலிக்கலம்மா" என்றாள். மருந்தில்லாமல் எப்படி வலிக்காமல் இருக்கும்? ஆனால் அழவில்லை. அதட்டவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் சட்டை மாற்றும்போது பார்த்தேன், முன்கையெல்லாம் பல் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"இன்னாடி இது?"

"கொசும்மா."

அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, கட்டிய சேலையோடு பஸ் ஏறினேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிஸ்டரின் வீடு. கதவைத் திறந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டேன். "இன்னா நெனைச்சினு கீறீங்க? பச்சப் புள்ள கையக் கடிச்சினு கீது. வர முடியலன்னா சொல்லி அனுப்ப மாட்டீங்களா? இதுக்குப் பேரு சேவையா?" தெருவே எட்டிப் பார்த்தது.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "நான் வந்தேம்மா. உங்க வீட்ல ஒரு அம்மா வாசல்லயே நிக்கவெச்சு, புள்ளைக்கு நல்லாயிடுச்சு, இனிமே வர வேணாம்னு சொன்னாங்களே" என்றார். "நீங்க எப்பிடி நம்புனீங்க? உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். "நம்பல. நெறைய ஊட்ல இப்பிடித்தான் சொல்லி அனுப்புவாங்க. வராதேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்குப் பதிலா நல்லாயிடுச்சும்பாங்க. உங்களுக்கே பிடிக்கலையோன்னு நெனைச்சுட்டேன்" என்றவர், பேச்சோடு பேச்சாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையே மனசில் ஓடியது. நல்லாயிடுச்சாம். எவ்வளவு மங்களகரமான வார்த்தை. அதைச் சொன்ன வாய்க்கு ஒரு குறையும் இல்லை, கையைக் கடித்துக்கொண்டு கிடந்தது என் பிள்ளை.

அன்று ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சொன்னதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அக்கா நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கும்." அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரோடு நான் பேசாமல் இருந்த காலம் கொஞ்சநஞ்சமில்லை. என் மகள் மாசியில் போனாள். வீட்டில், என் மடியில், வலி தெரியாமல். அதற்குச் சிஸ்டர்தான் காரணம். சாவுக்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் விட்டுவிட்டேன் என்று பேசினார்கள். அதற்கும் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று நானும் சிஸ்டரும் போய் இறங்கியபோது அண்ணி வாசலில் நின்றார். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. "எம்புள்ள வாயில நல்ல வார்த்த வரணும்னுதான..." என்று ஆரம்பித்தார். "அண்ணி, நகருங்க" என்றேன். நான் போட்ட சத்தத்தில் எதிர் பிளாக்கில் துணி காயப்போட்டவள் நின்றுவிட்டாள். அண்ணி நகர்ந்தார்.

உள்ளே ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். "வலிக்குதா கண்ணு?" என்றார். அவள் சிஸ்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

"அத்த, நான் நல்லாயிட்டேன்னு சொன்னீல்ல. நல்லா ஆனவங்க அழக்கூடாதுன்னு சொன்னீல்ல" என்றாள். மூச்சு வாங்கியது. "இப்ப மட்டும் வலிக்குதுன்னு சொல்லிக்கவா?"

அண்ணி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தேன்.

"சொல்லுடி, சத்தமா சொல்லு" என்றேன்.

அந்த மூணு நாள் அழுகையையும் அவள் ஒன்றாக அழுதாள். சிஸ்டர் மருந்து கொடுத்து, அது வேலை செய்கிறவரைக்கும் அழுதாள். எதிர் பிளாக்கில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை.